நைட் டூட்டி டப்பாவில் என்ன இருக்க வேண்டும்: மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஓர் உணவு வழிகாட்டி

இரவு மூன்று மணி கடந்த நேரம். வார்டின் கடைசியில் இருந்த சிறிய அறையில் ஓர் இளம் செவிலியர் தன் டிஃபன் பாக்ஸைத் திறந்தார். மாலை ஐந்து மணிக்கு எண்ணூரில் அவருடைய அம்மா கட்டிக் கொடுத்த தயிர் சாதம் அது. மே மாதப் புழுக்கத்தில் பத்து மணி நேரம் பைக்குள் கிடந்ததால், மூடியைத் தூக்கியதும் புளித்த வாடை அறை முழுவதும் பரவியது. அவர் ஒன்றும் பேசாமல் சாதத்தைப் பச்சைத் தொட்டியில் கொட்டி, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாசலுக்கு வெளியே விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடையிலிருந்து ஒரு பன்னும் டீயும் வாங்கி வரச் சொன்னார். ஒன்பது மணிக்கே நான் சாப்பிடக் கூப்பிட்டபோது, "இந்த டிரிப்ஸ மாத்திட்டு வந்துர்றேன்கா" என்றுதான் சொல்லியிருந்தார். அந்த ஒரு டிரிப்ஸ், இரண்டு அட்மிஷன், ஓர் இறப்பு, இறந்தவரின் மகளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது என்று ஆறு மணி நேரமாக நீண்டுவிட்டது.

வட சென்னையின் மருத்துவமனைகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்த நான் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. செவிலியர்கள் மட்டுமல்ல, ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்கள், லேப் டெக்னீஷியன்கள், தூய்மைப் பணியாளர்கள், 108 வண்டியில் ஓடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் இதே கதைதான். சாப்பாட்டைப் பற்றித் தெரியாதவர்கள் இவர்களில் யாரும் இல்லை. நோயாளிக்கு மணிக்கணக்காக உணவு முறை சொல்லித் தருகிறவர்கள்தான். ஆகவே எதில் என்ன சத்து இருக்கிறது என்ற பாடத்தை இங்கே நடத்தப் போவதில்லை. மூன்று மணிக்கு நாம் எதைச் சாப்பிடுவோம் என்பது முந்தைய மாலையில் வீட்டு அடுப்படியிலேயே முடிவாகிவிடுகிறது என்பதையும், எப்போது சாப்பிடுவோம் என்பது உடன் டூட்டி பார்ப்பவரின் கையில் இருக்கிறது என்பதையும் வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் சரிசெய்யும் வழிகளை எழுதுகிறேன்.

அழுத்தம் தட்டில் எப்படி வந்து சேருகிறது

அவசரம் வந்த நொடியில் அட்ரினலின் சுரப்பதால் பசி அடங்கிவிடுகிறது. அதனால்தான் எமர்ஜென்சி நடக்கும்போது யாருக்கும் வயிறு நினைவுக்கு வருவதில்லை. அழுத்தம் மணிக்கணக்காகத் தொடரும்போது கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் உயர்ந்தே நிற்க, பசி திரும்பி வருகிறது. அப்போது அது கேட்பது இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும்தான். தூக்கக் குறைவும் சேர்ந்துகொண்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது. இரவில் இன்சுலினுக்கு உடல் கொடுக்கும் மறுமொழி பகலைவிட மந்தமாக இருப்பதால், பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்ட அதே பிரியாணி இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. ஆக, டூட்டி முடியும் தறுவாயில் பரோட்டாவுக்கும் பஜ்ஜிக்கும் கை நீளுவதை மனவலிமைக் குறைவு என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வதில் நியாயமே இல்லை. எனினும், அது உடலின் இயல்பு என்று விட்டுவிட்டால், நாற்பது வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்து, நாமே ஓ.பி. சீட்டு எடுத்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். என்னுடன் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் அப்படி நின்றதைக் கண்டிருக்கிறேன்.

பசியோடு வேலை செய்வதால் கெடுவது நம் உடல்நலம் மட்டும் அல்ல. ஒருமுறை நானே பதினான்கு மணி நேரம் டீயைத் தவிர ஒன்றும் உள்ளே போகாத நிலையில், ஒரே அளவில் ஒரே நிறத்தில் இருந்த இரண்டு ஆம்பூல்களில் (மருந்துக் கண்ணாடிக் குப்பிகளில்) தவறானதை உடைத்து மருந்தை சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் பெயரை வாய்விட்டுப் படித்ததால் அந்த ஊசி நோயாளிக்குப் போகவில்லை. அன்று என் விரல்கள் நடுங்கிய விதம் இன்றும் நினைவில் இருக்கிறது. சாப்பிடப் போவதை நோயாளியிடமிருந்து திருடிய நேரமாக நினைக்கும் இளையவர்களிடம் நான் இந்த நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்வதுண்டு.

டூட்டிக்குக் கிளம்பும் முன்

இரவுப் பணியின் பெரிய சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால், மீஞ்சூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வருகிறவர் ஆறு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் அதுவும் போதாது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு வழியில் கொஞ்ச நேரம் மிச்சமாகிறது. அந்த நேரத்தை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். ஐந்து, ஐந்தரை மணிக்குச் சோறு, குழம்பு, பொரியல், கூடவே மீனோ முட்டையோ பருப்போ என்று மதியச் சாப்பாடு போலவே சாப்பிடலாம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையையோ காயையோ வைத்துக்கொண்டால், ஒன்பது மணிக்கு வரும் கண் சொருகல் வெகுவாகக் குறைகிறது.

காலை டூட்டிக்காரர்களின் தவறு வேறு விதமானது. அவர்கள் வெறும் வயிற்றில் வந்து, ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு பதினொரு மணிக்கு வடையும் டீயும் எடுப்பார்கள். கேழ்வரகுக் கூழ் இதற்கு நல்ல மாற்று. முந்தைய இரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் கிளறி வைத்துவிட்டால், காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம். ஆடி மாதத்தில் மட்டும் அம்மன் கோவில் வாசலில் நினைவுக்கு வர வேண்டிய பண்டம் அல்ல அது. கூழையும் கஞ்சியையும் இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: ஸ்டான்லி மருத்துவமனையை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை அது.

டப்பாவைக் கட்டும் முறை

ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவருவதே பல பிரச்சினைகளுக்குக் காரணம். அதைத் திறந்தால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரம் கிடைக்காது. கிடைக்காததால் டப்பா திறக்கப்படாமலே கிடக்கும். கையடக்கமான மூன்று சிறிய டப்பாக்களாகப் பிரித்துக் கொண்டுவாருங்கள்.

முதல் டப்பாவை இரவு பத்து மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கெட்டுப்போகக் கூடியவை எல்லாம் இதில்தான் இருக்க வேண்டும்: இரண்டு சப்பாத்தியும் பருப்புக் கூட்டும், அல்லது இரண்டு இட்லியும் ஓர் அவித்த முட்டையும். முட்டையை ஓட்டோடு கொண்டுவந்து, சாப்பிடும்போது உரித்துக்கொள்ளலாம். சமைத்த சோறு சென்னை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினாலே கிருமி பெருக வாய்ப்பு உண்டு. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. எனவே கலந்த சாதம் கொண்டுவருகிறவர்கள் அதைச் சூடாகவே நல்ல பிளாஸ்கில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணியாளர் அறை பிரிட்ஜில் வைக்க வேண்டும். மருந்தும் தடுப்பூசியும் வைக்கும் பிரிட்ஜில் ஒரு மோர் பாக்கெட்டைக்கூட வைக்கக் கூடாது. அடிக்கடி திறப்பதால் தடுப்பூசியின் குளிர்ச்சி கெடும் என்பதோடு, இரத்த மாதிரிகள் புழங்கும் இடத்தில் நம் உணவு இருப்பதும் ஆபத்துதான்.

இரண்டாவது டப்பா நள்ளிரவுக்குப் பிறகு, ஒன்று முதல் மூன்று மணிக்குள் தேவைப்படுவது. இதில் எண்ணெயும் இனிப்பும் இல்லாத, மென்று தின்னக் கூடிய உலர்ந்த பண்டம் இருக்க வேண்டும். வறுத்த நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்பதுதான் என் நீண்ட நாள் வழக்கம். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருப்பதால், ஒரு கைப்பிடிக்கே ஒரு முட்டைக்கு நிகரான புரதம் கிடைத்துவிடும். கெடாது, வாடை வராது, சட்டைப் பையிலும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வார்டுக்குள் நின்றபடி தின்னக் கூடாது. கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கை வாய்க்குப் போக வேண்டும். சானிடைசர் தடவியது போதும் என்று நினைப்பது தவறு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகள் அதற்கு அசைவதில்லை.

மூன்றாவது டப்பாவில் ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ போதும். விடியற்காலையில் இரத்த மாதிரி எடுத்து, கேஸ் ஷீட் எழுதி, அடுத்த டூட்டிக்காரரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவருக்குத் தயாராகும் நேரத்தில் வரும் தளர்ச்சிக்கு அது உதவும். கொய்யாவில் நிறைந்திருக்கும் வைட்டமின் சி, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ளத் துணைசெய்வதால், பெண்கள் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது தெரியவந்தது. நோயாளிக்கு இரத்தப் பாட்டில் மாட்டிவிடும் நம் கையிலும் எட்டு கிராம் ஹீமோகுளோபின்தான் ஓடுகிறது என்ற நிலை அரிதானதல்ல. ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

டீ

இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். கடை டீ ஒன்றில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ பத்து கிராம். ஒரு நைட்டில் ஆறு டீ குடிப்பவர் வேறு எந்த இனிப்பையும் தொடாமலே அறுபது கிராம் சர்க்கரையை விழுங்கிவிடுகிறார். நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டக் கூடாது என்றும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபியைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. டீயில் உள்ள டானின் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதற்குக் காரணம்.

ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் நிறுத்தியதில்லை. எட்டு மணிக்கு ஒன்று, பன்னிரண்டரைக்கு ஒன்று, தேவையானால் இரண்டு மணிக்கு ஒன்று என்று மூன்றோடு நிறுத்துங்கள். சர்க்கரையை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். உடலுக்குள் போன கஃபீனில் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. ஐந்து மணிக்குக் கண் எரிகிறது என்று குடிக்கும் ஸ்ட்ராங் டீதான், காலை பத்து மணிக்கு வீட்டுப் பாயில் புரள வைக்கிறது. அந்த நேரத்தில் முகம் கழுவி, வராந்தாவில் இரண்டு நடை நடந்து, சுக்கு வெந்நீர் குடித்துப் பாருங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

2020-ல் கொரோனா பரவியபோது சென்னையில் தொற்று மிகுதியாக இருந்த மண்டலங்களில் ஒன்று ராயபுரம். பாதுகாப்பு உடையை ஒருமுறை அணிந்தால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது என்பதால், முன்கூட்டியே தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினோம். உடை போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. பெண் பணியாளர்களுக்குத் தனியான, தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை வார்டுக்குப் பக்கத்தில் இல்லாத இடங்களில், தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்வதில் பொருளே இல்லை. அதைச் செய்து தரச் சொல்லி எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். ஒருவராகக் கேட்காமல் வார்டில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்றும் கல்லும் வந்து விடுப்பெடுத்தவர்களின் எண்ணிக்கையைச் சேர்த்து எழுதினால், அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் கூடும். பெயர் எழுதிய ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, நள்ளிரவுக்குள் ஒருமுறையும் விடிவதற்குள் ஒருமுறையும் காலி செய்வது எளிய கணக்கு.

சாப்பிடப் போகிறவருக்குப் பதிலாக யார்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "நேரம் கிடைத்தால் சாப்பிடுகிறேன்" என்ற பேச்சை வார்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நேரம் கிடைப்பதே இல்லை. ஹேண்ட் ஓவரின்போது எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு ஆன்டிபயாடிக் என்று சொல்வதைப் போலவே, யார் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறார், அந்த இருபது நிமிடம் அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பார் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பலகையில் எழுதிவிட வேண்டும். நாங்கள் இதை ஒரு வார்டில் தொடங்கியபோது, முதல் வாரம் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. பிறகு ஜோடியில் ஒருவர் மற்றவரைத் தேடிப் போய், "கா, ஒன்பதரை ஆச்சு, நான் பாத்துக்கிறேன், நீங்க போங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். தனக்காகச் சாப்பிடப் போகாதவர்கள்கூட, தான் போனால்தான் அடுத்தவர் போக முடியும் என்பதற்காக எழுந்து போனார்கள். மூத்தவர் முதலில் போக வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் புதிதாகச் சேர்ந்த பெண் எப்படி டப்பாவைத் திறப்பாள்?

சாப்பிடும் இருபது நிமிடத்தில் போனையும் கேஸ் பற்றிய பேச்சையும் தள்ளி வையுங்கள். ஆளில்லாமல் ஒருவரே நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் வார்டில் இந்தப் பலகை முறை நடக்காது என்பது எனக்கும் தெரியும். அங்கே குறை பலகையில் இல்லை, பணியிடங்களை நிரப்பாததில் இருக்கிறது. அதற்கு மாற்றாக எந்த உணவு முறையையும் நான் சொல்ல மாட்டேன்.

வீடு திரும்பும் வழியில்

ஏழரைக்கு டூட்டி முடிந்து வெளியே வரும்போது காசிமேட்டில் மீன் வந்து இறங்கியிருக்கும். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம். மத்தியும் காணாங்கெளுத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை, இதயத்துக்கு நல்ல கொழுப்பு அவற்றில்தான் நிறைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக் காலத்தில் விசைப்படகுகள் போகாததால் மீன் விலை ஏறிவிடும். அந்த நாட்களில் முட்டையும் பயறும் போதும். கருவாட்டை மட்டும் நம்பினால் உப்புக் கூடிவிடும்.

பகலில் தூங்கப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் படுக்க வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி, அல்லது இரவு நல்ல தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு ஒரு கிண்ணமும் சின்ன வெங்காயமும் போதும். சர்க்கரை உள்ளவர்கள் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், நைட் டூட்டி வாரத்தில் எந்த வேளை மருந்தை எப்போது எடுப்பது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், தாங்களாக மாற்றக் கூடாது.

காண்ட்ராக்டில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஆயாக்களுக்கும் இவற்றில் பாதி கைக்கு எட்டாது. 2013 முதல் நடக்கும் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைப்பது அவர்களுக்குப் பெரிய துணை. கூட ஒரு முட்டையோ சுண்டலோ சேர்ந்துவிட்டால் அது நிறைவான சாப்பாடு. அவர்களையும் சாப்பாட்டுப் பலகையில் சேர்த்து எழுதுங்கள். காசநோய் வார்டுகளில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உடலில் சத்துக் குறைந்தவர்களை அந்த நோய் எளிதில் பிடிக்கிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியானது. நோயாளியின் படுக்கையைச் சுற்றிக் கூட்டித் துடைப்பவர் அவரோடு வீட்டில் இருப்பவரைப் போலத்தானே மூச்சு விடுகிறார்.

உணவால் தீராத நிலையும் உண்டு. வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு கனப்பது, நோயாளியின் அழுகை எரிச்சலாக மட்டுமே கேட்பது, விடுப்பு நாளிலும் தூக்கம் வராமல் இருப்பது, வாரக்கணக்கில் சாப்பாட்டில் ருசியே தெரியாமல் போவது ஆகியவை தொடர்ந்தால் டப்பாவை மாற்றிப் பயனில்லை. தீராத பணி அழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே தன் நோய் வகைப்பாட்டில் பணியோடு தொடர்புடைய நிலையாகக் குறிப்பிட்டுவிட்டது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணம் இல்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயாளிகளின் உறவினர்களுக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதையே ஒரு துண்டுத் தாளில் எழுதி, சாப்பாட்டுப் பலகையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.